படம் அங்கே, சத்தம் இங்கே

என் சகலைக்கு விருது. லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர் அவன். இந்த வருஷத்தின் சிறந்த இன்ஜினியராம். என் மனைவி உட்பட வீடே கிளம்பி விழாவுக்குப் போய்விட்டது. காலில் கட்டுப் போட்டிருந்த மாமனாருக்குத் துணையாக நான் மட்டும். பெரிய மாப்பிள்ளை வேறு எதற்கு இருக்கிறான்?

"விழாவை நெட்ல நேரடியா காட்டுறாங்களாம். சின்ன மாப்பிள்ளைய டிவியில பெருசா பார்க்கணும் மாப்பிள்ளை," என்றார் மாமா.

அந்த டிவியும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். நல்லவேளை, இன்டர்நெட் வராத பழைய மாடல். அதற்கு என் ஓட்டை லேப்டாப்பின் தயவு தேவைப்பட்டதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நீல முனை ஒயரை இரண்டிலும் செருகித் திருகினேன். ரிமோட்டை நாலைந்து தடவை அமுக்கியதும் படம் பளிச்சென்று வந்தது. அந்த ஒயரில் படம் மட்டும்தான் போகும். சத்தத்துக்குத் தனியாக ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் வேண்டும். அது என் பையில் இருந்தது. இருக்கட்டும் என்று ஜிப்பை இழுத்து மூடினேன். கோட்டு மாட்டிக்கொண்டு அவன் பல்லிளிக்கட்டும், பேச்சாவது மாமா காதில் விழாமல் போகட்டும். வயிறு எரியத்தான் செய்தது. அவனுக்கு முன்பே இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் நான். அவனைக் கண்டதும் மலர்கிற அந்த முகம் எனக்காக ஒரு தடவை மலரக் கூடாதா?

மேடை ஏறிய சகலை வாயசைத்தான்.

"சத்தமே வரலையே?"

"பழைய லேப்டாப் மாமா. சத்தம் இதுக்குள்ளயே நின்னுடுது," என்று கத்தினேன். அவருக்குக் காது மந்தம்.

"உங்களுக்குக் கேக்குதுல்ல? கேட்டுச் சொல்லுங்க. உங்களோடது வாத்தியார் குரலாச்சே, எனக்குத் தெளிவா விழுறது அது ஒண்ணுதான்."

வசமாக மாட்டிக்கொண்டேன். லேப்டாப்பில் காதை வைத்தேன். கொசு முனகுவதுபோல அவன் பேசப் பேச, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் நான் ஒப்பித்தேன்.

"இந்த விருது என் உழைப்புக்கு மட்டும் கிடைச்சது இல்ல." உழைப்பாம், பெரிய உழைப்பு! "வேலை இல்லாம இருந்தப்ப என்னைத் தாங்குனவர் என் மாமனார்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வரி காதில் விழுந்ததும் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷமாகச் சொல்ல நினைத்து, கூச்சப்பட்டு நான் விழுங்கிய வார்த்தை அது. அதையும் அவன் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

"என்ன சொல்றார்?"

"மாமா," என்றேன். "நீங்க எனக்கு அப்பா மாதிரி. மாதிரி என்ன, அப்பாவேதான்."

அவர் கண் கலங்கியது. கை நீட்டி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை."

மேடையில் இப்போது வேறு யாரோ நின்றார்கள். லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பாசம் பாருங்க, சின்ன மாப்பிள்ளைக்கு!"