பந்தயக் காரின் இடது சீட்

அந்தக் காரை ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் கை வைத்தேன். பத்து நாள் அது என் மானத்தை வாங்கியது.

திருமயத்தில் புதுக்கோட்டை ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தேன். அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். முதலாளியின் மருமகன் என் வேலையில் நொட்டை சொன்னான் என்பதற்காக ஒரு நாள் ஸ்பானரை வீசி எறிந்துவிட்டு வந்துவிட்டேன். ஸ்பானர் அவன் மேல் படவில்லை, பக்கத்தில்தான் விழுந்தது. பழனிச்சாமிக்கு வேலை தெரியும், பொறுமைதான் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அதில் முதல் பாதியை மட்டும் நான் காதில் வாங்கிக்கொள்வேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதக் கடைசியில் ஆவுடையாள் ஆச்சி அந்தக் காரோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் மலேயாவில் ஈப்போவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். யாரோ ஒரு ஜமீன் பிள்ளை பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்த சீமைக் கார் அது. ஆச்சி வீட்டுக்காரர் ஊருக்கு வந்திருந்தபோது ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, வீட்டில் நிறுத்திவிட்டுக் கப்பலேறிவிட்டார். சிவப்பு நிறம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துப் போட ஒரு கித்தான் மட்டும். உயரம் என் இடுப்புக்குக்கூட வராது. முன்னால் இரண்டு சீட். அவற்றின் முதுகை முன்பக்கமாக மடக்கினால் பின்னால் இன்னும் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம்.

அந்த முன் சீட் இரண்டும் சரியில்லை என்றுதான் வந்திருந்தார். மடக்கினால் பலகை மாதிரி படுத்து, முதுகின் ஓரத்தில் இருக்கும் கொக்கி வண்டியின் நடு இரும்பு மேட்டில் இருக்கும் முளையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டவில்லை. சீட் கோணலாகப் படுத்தது, கையை எடுத்தால் துள்ளி எழுந்தது. இதுதானா என்று நான் சிரித்தேன். ஆச்சி சிரிக்கவில்லை.

அவருடைய மகள் தனலட்சுமிக்குப் பதினொரு வயது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிவிட்டது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரும்புப் பட்டை, முழங்காலை மடக்க முடியாது. கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நடப்பாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை முதல் மார்க். மேலே படிக்கப் புதுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆச்சி போய்க் கேட்டிருக்கிறார். தலைமை ஆசிரியை மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். ஆனால் தூக்கி இறக்கத் தங்களிடம் ஆள் இல்லை, வெளியாட்களை உள்ளே விடவும் முடியாது, கேட்டில் தானாக இறங்கித் தானாக வகுப்புக்கு வரும் பிள்ளை என்றால் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்றிருக்கிறார். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குத் தாமே நின்று பார்ப்பதாகவும் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் படி உயரம். வீட்டுப் பெரிய காரும் உயரம்தான். இந்தப் பந்தயக் கார் ஒன்றுதான் தரையோடு தரையாக இருந்தது. இடது சீட்டை மடக்கிப் போட்டால் தனலட்சுமி பின்னால் உட்கார்ந்து அதன் மேல் காலை நீட்டிக்கொள்ளலாம். இறங்கும்போது அதன் மேலேயே நகர்ந்து வந்து, கதவுப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு, எழுந்து நின்றுவிடலாம். இந்த யோசனை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்தது. நின்றிருந்த காரில் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறாள். சீட் துள்ளி எழுந்து தாடையில் அடித்ததும்தான் விஷயம் வெளியே வந்தது.

"பள்ளிக்கூடம் தெறக்கப் பதினோரு நாள் இருக்கு, பழனிச்சாமி. ஒன்னால முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு" என்றார் ஆச்சி.

"நாளைக்கிச் சாயங்காலம் ஆள அனுப்புங்க ஆச்சி" என்றேன். வாய்க் கொழுப்பு.

கீல்தான் வளைந்திருக்கிறது என்று பார்த்தவுடனே தீர்மானித்துவிட்டேன். கழற்றி, உலையில் காய்ச்சி, அடித்து நிமிர்த்தி மாட்டினேன். கொக்கி முளைக்கு அரை அங்குலம் எட்டாமல் நின்றது. மறுபடி கழற்றி எதிர்ப்பக்கம் வளைத்தேன். இடது சீட் கிட்டே வந்தது, மடக்கும்போது கிரீச்சென்று கத்தியது. வலது சீட் முன்னைவிட மோசமானது. சீட் உட்காரும் இரும்புத் தண்டவாளத்தைத் தளர்த்தினேன், இறுக்கினேன், கொக்கியை இழுத்து நீட்டினேன். ஆச்சி வீட்டு டிரைவர் பிச்சை தினம் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பெஞ்சை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார ஆரம்பித்தார்கள்.

ஏழாம் நாள் காலையில் தோற்றுவிட்டேன் என்று முடிவு செய்தேன். ஆச்சியிடம் போய்க் கையை விரித்துவிடலாம், வண்டியை மட்டும் சுத்தமாகத் திருப்பிக் கொடுப்போம் என்று சீட் இரண்டையும் கழற்றிவிட்டு, தரைப் பலகையில் படிந்திருந்த கிரீஸ் போக ஒரு வாளித் தண்ணீரை ஆத்திரத்தோடு ஊற்றினேன். தண்ணீர் முழுக்க இடது பின் மூலைக்கு ஓடி, அங்கே இருந்த ஒரு துளை வழியாகக் காணாமல் போனது. விரல் நுழையும் அளவு துளை. சுற்றிலும் பித்தளைப் பூண். அவ்வளவு அழகான துளையை எந்தக் கார் கம்பெனிக்காரனும் போட்டிருக்க மாட்டான்.

என் ஷெட் தரை மேடு பள்ளம்தான். அதனால்தான் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று நினைத்து, வண்டியைத் தள்ளி முகத்தை நேர் எதிராகத் திருப்பி நிறுத்தினேன். இன்னொரு வாளி ஊற்றினேன். அதே மூலைக்குத்தான் ஓடியது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால், பலகை முழுக்க அந்த மூலையை நோக்கிச் சரிந்திருந்தது. சீட்டின் தண்டவாளம் பலகை மேல். முளையோ சரிவில்லாத நடு இரும்பு மேட்டில். ஏழு நாளாக நல்ல கீலை வளைத்து வளைத்து நான் நாசம் பண்ணியிருக்கிறேன். வெட்கத்தில் முகம் சுட்டது.

பழைய பலகை இற்றுப்போய் இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாகப் போட்டவர் ஆச்சி வீட்டு ஆசாரி சேவுகன். சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன். ஆச்சி வீட்டுப் பட்டறையில்தான் இருந்தார். வழி நெடுக மனசுக்குள் திட்டிக்கொண்டே போனதில் பாதிக் கோபம் செலவாகிவிட்டது. மீதியை அவரிடம் கொட்டினேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"மேல கூரை இல்லாத எடம் முத்தம்தானே? முத்தத்துக்குத் தண்ணி ஓட வாட்டம் குடுக்காம எவனாச்சும் பலக போடுவானா?" என்றார்.

இந்தப் பக்கத்துச் செட்டிமார் வீட்டில் நாலு தாழ்வாரத்துத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து ஒரு மூலைக்கு ஓட வேண்டும். ஒரு சொட்டுத் தேங்கினாலும் ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் மரியாதை போய்விடும். சேவுகனுடைய அப்பாவும் தாத்தாவும் அப்படித்தான் செய்தார்கள். கூரையில்லாத காரை அவர் ஒரு சின்ன முற்றமாகத்தான் பார்த்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், அந்தப் பலகையில் இரண்டு மழைக்காலம் போயும் ஒரு பூஞ்சைப் புள்ளி இல்லை.

சத்தம் கேட்டு ஆச்சி வந்துவிட்டார். மறைக்க ஒன்றுமில்லை. சரியாகப் பார்க்காமல் கீல் மேல் பழி போட்டு வளைத்தது என் தப்பு, தரையைப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னேன். எந்த முதலாளியிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. ஆச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பு யாருதுன்னு அப்பறம் பேசிக்கிருவோம். நாலு நாள் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஒக்காந்து செஞ்சு முடிங்க" என்றார்.

பலகையைப் பிரித்து மறுபடி போடப் பத்து நாள் ஆகும். சேவுகன் ஷெட்டுக்கு வந்து, வாட்டத்தை நூல் பிடித்து அளந்து, தண்டவாளங்களுக்கு அடியில் வைக்கத் தேக்கில் நாலு கட்டை செதுக்கினார். ஒரு முனை அரை அங்குலம், மறு முனை காகிதம் போல மெல்லிசு. வாட்டமும் அப்படியே இருந்தது, சீட்டும் மட்டத்துக்கு வந்தது. நான் என் பாவத்துக்குப் பரிகாரமாகக் கீல்களைப் பழையபடி நிமிர்த்தினேன். இந்தத் தடவை அவசரமாக உலையில் போடவில்லை. இடுக்கியில் பிடித்து, மயிரிழை மயிரிழையாக, ஒவ்வொரு தடவையும் மாட்டிப் பார்த்துக் கழற்றினேன். இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் இடது சீட்டை மடக்கினேன். டக்கென்று கொக்கி மாட்டியது. மேலே ஏறி நின்று குதித்தேன். அசையவில்லை. சேவுகன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, வலது சீட்டையும் பார்த்துவிடுவோம் என்றார். அதுவும் மாட்டியது.

மறுநாள் தனலட்சுமி வந்தாள். ஒல்லியான பிள்ளை, கண் மட்டும் பெரிசு. பேச்சுக் குறைவு. நான் ஒரு முதலாளிக்கு விளக்குவது போலக் கொக்கியை எப்படி விடுவிப்பது என்று காட்டினேன். அவள் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. கொக்கிக்கு நான் பஸ் கதவு ஸ்பிரிங் ஒன்றைப் போட்டிருந்தேன். எனக்கு அது சாதாரணம், அந்தக் கைக்கு அது இரும்புப் பூட்டு.

"அண்ணே, இது ஒங்க கைக்குச் செஞ்சிருக்கு" என்றாள்.

ஸ்பிரிங்கை மாற்றினேன். என் சுண்டு விரலால் மட்டும் இழுத்துச் சோதித்தேன். பிறகு அவள் பழக ஆரம்பித்தாள். ஏறுவது, காலைத் தூக்கி வைப்பது, நகர்வது, கட்டைகளை எடுப்பது, இறங்குவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை முப்பது தடவை இருக்கும். மூன்று தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் ஆச்சி ஓடிப்போய்த் தூக்கினார். மூன்றாவது தடவை அந்தப் பிள்ளை ஆத்தாவின் கையைத் தட்டிவிட்டாள். ஆச்சி ஷெட்டுக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பிச்சைக்குப் பதிலாக நானே வண்டியை எடுத்தேன். சீட் வழியில் ஏதாவது பண்ணினால் அந்த இடத்திலேயே பார்க்கலாம் என்று காரணம் சொன்னேன். இடது சீட் மடங்கிக் கிடக்க, அதன் மேல் காலை நீட்டித் தனலட்சுமி பின்னால் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில், என் முதுகுக்குப் பின்னால், ஆச்சி முழங்கால் தாடையில் இடிக்க ஒடுங்கிக்கொண்டார். நான் இறங்கி என் சீட்டை மடக்கினால்தான் அவர் வெளியே வர முடியும். பன்னிரண்டு மைலும் மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

கேட்டில் நிறுத்தினேன். உள்ளே வராந்தாப் படியில் தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் நூறு பிள்ளைகள், எல்லாக் கண்ணும் சிவப்புக் கார் மேல். தனலட்சுமி எட்டிக் கதவைத் திறந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கையை ஊன்றி, மடித்த சீட்டின் மேல் நகர்ந்து வந்தாள். சீட் பாறையாக நின்றது. கட்டைகளை வெளியே எடுத்துக் கதவில் சாய்த்தாள். ஒன்று சரிந்து, தரையில் இரண்டடி தள்ளி விழுந்தது.

பழகியபோது ஒரு தடவைகூட இப்படி ஆகவில்லை. ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்க ஓடி வந்தது. தலைமை ஆசிரியை கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"பழனிச்சாமி, எறங்கு. சீட்ட மடக்கு" என்றார் ஆச்சி பின்னாலிருந்து.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். ஆச்சி என் தோளைப் பிடித்துத் தள்ளினார். புள்ள விழுந்துரும், எந்திரி என்றார். தனலட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பத்து நாள் பாடுபட்டு, ஊர் சிரிப்பை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு நேராக்கிய சீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்:

"மாட்டிக்கிருச்சு ஆச்சி. மடங்க மாட்டேங்குது."

முதுகுக்குப் பின்னால் ஆச்சியின் கை ஓய்ந்தது.

தனலட்சுமி ஒற்றைக் கட்டையை ஊன்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு கதவைப் பிடித்தபடியே உடம்பைத் தாழ்த்தி, இரும்புக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, கையிலிருந்த கட்டையின் நுனியால் விழுந்த கட்டையைக் கொக்கி போட்டு இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கைக்கு எட்டியதும் எடுத்துக் கக்கத்தில் வைத்து நிமிர்ந்தாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தலைமை ஆசிரியை படியிலிருந்து இறங்கி வரவில்லை, ஆனால் வழியிலிருந்து ஒதுங்கி நின்றார்.

"ஆத்தா, நாலு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைச் சத்தம் வராந்தாவில் ஏறி, ஒரு வகுப்பறைக்குள் போய் நின்றது.

கேட்டைச் சாத்தினார்கள். பின்னால் ஆச்சி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் கண் மறைத்தது, அதனால் திரும்பாமல் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப மடங்குமா, பழனிச்சாமி?" என்று கேட்டார்.

"மடங்கும் ஆச்சி" என்றேன்.