டெல்றோய் வந்த அத்தியாயம்

கேக்கின் மேல் வெள்ளை ஐசிங்கில் 'நல்வரவு டெல்றோய்' என்று எழுதியிருந்தது. மேர்ட்டில் மாமி அதைச் சமையலறை மேசையின் நடுவில் வைத்து, வெட்டாமல், எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்ச்சில தந்தவை," என்றார். "என்ர சிநேகிதி வெரோனாவின்ர கைப்பக்குவம். பழமெல்லாம் ரம்மில ஊறினது. என்ர மகன் திரும்பி வந்திட்டானாம். எனக்கே ஆக்கள் சொல்லித்தான் தெரியும்."

லோஜினி கோட்டைக் கழற்றாமல் நின்றாள். டெல்றோய் வரவில்லை. மார்ச் மாதம் வெளியான அவளுடைய நாவலின் கடைசி அத்தியாயத்தில் மட்டுமே அவன் வந்திருந்தான்.

மேர்ட்டில் மாமி அவளுடைய அப்பா ஹெக்டரின் அக்கா. இருவரும் ஜமேக்காவில் பிறந்து, ஒருவர் பின் ஒருவராக லண்டனுக்கு வந்தவர்கள். காலமாகும்வரை அப்பா பஸ் ஓட்டினார். யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து தாதிப் படிப்புக்கு வந்த யோகமலரைக் கல்யாணம் செய்தார். கறுப்பரைக் கட்டிவிட்டாள் என்று அம்மாவின் ஆட்கள் பல வருடம் அந்த வீட்டுப் படியேறவில்லை. அப்பாவின் பக்கம் இருந்தது மாமி ஒருவர்தான். அவரை 'மாமி' என்று கூப்பிடப் பழக்கியது அம்மா. மாமிக்கும் அந்தச் சொல் பிடித்துப்போய், அம்மாவைத் தானும் 'மச்சாள்' என்று அழைக்கத் தொடங்கினார். மற்றபடி அவர் பேசியது ஜமேக்கா ஆங்கிலம். ஆனால் லோஜினியின் மனதுக்குள் அது எப்போதும் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து விழும்.

அவளுடைய தலைமுடி அம்மாவின் சீப்புக்கு அடங்காதது. அதனால் சிறுவயதில் சனிக்கிழமைகளில் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்திலுள்ள மாமி வீட்டுக்குப் போவாள். மாமியின் முழங்கால்களுக்கு நடுவே நிலத்தில் உட்காருவாள். மாமி முடியைப் பிரித்து வரிவரியாகப் பின்னுவார். கதைகள் மேலிருந்து, உச்சந்தலையில் மழை தூறுவதுபோல் இறங்கும். கடல் தாண்டி வந்த கப்பல், கறுப்பருக்கு அறை இல்லை என்று எழுதித் தொங்கவிட்ட வீடுகள், மாமி துணி வெளுத்த லோண்டரியின் வெந்நீராவி, டெல்றோய். கதை சொல்லும்போது மாமியின் முகம் எப்படி இருந்தது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

டெல்றோயை நான்கு வயதில் ஊரில் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு மாமி வந்தார். காசு சேர்த்து அவனை அழைப்பிக்கும்போது அவனுக்குப் பதினாலு வயது. விமான நிலையத்தில் தாயைப் பார்த்து "குட் ஆஃப்டர்நூன், மிஸ்" என்றான். மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தான். கடைசிவரை மிஸ்தான். ஒரு காலை பையைத் தூக்கிக்கொண்டு போனவன், பிறகு வரவில்லை.

நாவலில் இதையெல்லாம் லோஜினி அப்படியே எழுதினாள். முடிவை மட்டும் எழுத முடியவில்லை. போன பிள்ளை போனபடியே இருக்க, புத்தகத்தை மூடி மாமியின் கையில் கொடுக்க மனம் வரவில்லை. ஆகவே ஐம்பது வயது டெல்றோய் ஒரு மழைநாளில் கதவைத் தட்டினான். அது மாமிக்கு அவள் கொடுத்த பரிசு. மாமி வேதாகமத்தைத் தவிர வேறெதுவும் வாசிப்பதில்லை. முதல் சில அத்தியாயங்களை லோஜினி வாசித்துக் காட்டியிருந்தாள். மீதியைப் பிறகு ஆறுதலாகக் கேட்கிறேன் என்றார்.

பிறகு நூலகத்தில் நாவலைப் பற்றி ஒரு கூட்டம்; டெல்றோய் திரும்பி வருவதும் அங்கே பேசப்பட்டது. மாமி வரவில்லை; அவருடைய சேர்ச் பெண்கள் இரண்டு வரிசையை நிறைத்திருந்தார்கள். இது உண்மைக் கதையா என்று யாரோ கேட்டார். வாழ்க்கை முழுவதும் "அப்பா எந்த ஊர்?" என்று தமிழர் கேட்கும்போதெல்லாம் பாதிச் சொல்லில் நிறுத்தியவள், அன்று ஒலிவாங்கிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். "என் குடும்பம். எல்லாமே உண்மை," என்றாள். அந்தக் கைதட்டல் அவளுக்கு நெடுநேரம் இனித்தது.

"வெரோனாவுக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள், மாமி?" என்று இப்போது கேக்கின் முன்னால் நின்றபடி கேட்டாள்.

"என்னத்தைச் சொல்லுறது? வெரோனா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறாள். எப்ப வந்தவன் எண்டு கேட்டாள். ஏப்ரல் எண்டு என்ர வாய் சொல்லிப்போட்டுது."

"ஏன் அப்பிடி?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னால எல்லாம் உண்மை எண்டு நீ சொன்னனீ. என்ர தம்பியின்ர பிள்ளை பொய்க்காரி எண்டு நான் சொல்லுறதே?"

லோஜினி கதிரையில் உட்கார்ந்தாள். மாமி கேக்கை ஒரு விரலால் சற்றுத் தள்ளினார்.

"வாற ஞாயிறு பாஸ்டர் நன்றி ஆராதனை வைக்கிறார். முன் வரிசையில அவனுக்கு இடமாம். ஆளை எங்க போய் வாங்கிறது? ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடையளில விக்கினமோ?"

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது மாமி.

"நான் வாறன்," என்றாள் லோஜினி. "நானே எழும்பி நிண்டு சொல்லுறன். கடைசி அத்தியாயம் என்ர கற்பனை, மாமி என்னைக் காப்பாத்தத்தான் ஏப்ரல் எண்டு சொன்னவ எண்டு."

"நீ பக்கத்தில நிண்டால் எனக்குப் பயமில்லை," என்றார் மாமி. "தனிய என்னால ஏலாது, பிள்ளை. ஐம்பது வருஷமா அதுகளோட ஒரே சேர்ச் வாங்கில இருந்து பாடினனான்."

வியாழக்கிழமை பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். மேற்கே ஓர் இலக்கிய விழாவில் ஒருவர் கடைசி நேரத்தில் வரமுடியாது என்று சொல்லிவிட்டாராம். கறுப்பின எழுத்தாளர்களின் அமர்வு. ஞாயிறு பகல். லோஜினி பல வருடங்களாகப் பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்த்த மேடை அது. அங்கே தான் யார் என்று அவள் விளக்க வேண்டியதில்லை. இருக்கையில் போய் உட்கார்ந்தால் போதும்.

மாமியிடம் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னாள்.

"போ, பிள்ளை. பெரிய இடம்," என்றார் மாமி. அந்தக் குரலில் வேறு ஏதாவது இருந்ததா என்று லோஜினி நின்று கேட்கவில்லை. ரயில் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

விழாவில் வெயில் அடித்தது. கூடாரத்துக்குள் புல் மணத்தது. கடைசி அத்தியாயத்தைப் பற்றிப் பேசவந்த ஒரு வயதான பெண் பேசமுடியாமல் அழுதார். லோஜினி அவருடைய பிரதியில் மாமியின் பெயரையும் சேர்த்துக் கையொப்பம் இட்டாள்.

மறுநாள் மாலை அம்மா அழைத்தார்.

"லோஜி, டெல்றோய் செத்துப்போனானாமே?"

"ஆர் சொன்னது?"

"வெரோனா. கடையில கண்டனான். நேற்று சேர்ச்சில வைச்சு மச்சாள் சொன்னவவாம். பேர்மிங்ஹாமுக்குத் திரும்பிப் போன இடத்தில நெஞ்சுவலியாம், அடக்கமும் அங்கயே முடிஞ்சுதாம். எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை. எங்களுக்குத் துடக்கோ இல்லையோ? நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவேணும்."

"அம்மா, அவர் வரவுமில்லை, சாகவுமில்லை. வந்தது என்ர கதையில."

"அப்ப ஆள் உயிரோட இருக்கிறானோ?"

"தெரியாது."

யூன் மாதம் அது. வன்னியில் போர் முடிந்து சில வாரம்தான். அம்மாவின் தம்பி அம்பலவாணன் முகாமில் இருக்கிறாரா, எங்காவது இருக்கிறாரா என்று ஒரு தகவலும் வரவில்லை. லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்று போரை நிறுத்தச் சொல்லிக் கத்திய குரல் அம்மாவுக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

"இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாத ஒருத்தனை, செத்திட்டான் எண்டு சொல்ல அவவுக்கு எப்பிடி வாய் வந்தது?" என்றார் அம்மா. "நான் தம்பியை அப்பிடிச் சொல்லுவனோ? நீ அங்க நிக்கேல்லையோ?"

"இல்லை அம்மா."

"ஏன்?"

ஒரு விழாவுக்குப் போனதாக லோஜினி சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் மாமியின் வீடு நிறைந்திருந்தது. இறந்தவரின் வீட்டில் ஒன்பது நாள் கூடியிருப்பது ஜமேக்காக்காரர் வழக்கம். வினாகிரியும் வெங்காயமும் போட்ட பொரித்த மீன், பாண், இஞ்சிப் பானம். ஒரு மூலையில் ஆண்கள் டொமினோ கட்டைகளை மேசையில் ஓங்கி அடித்தார்கள். அம்மாவும் ஒரு சட்டி உருளைக்கிழங்குக் கறியோடு வந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாமி கறுப்புச் சட்டையில், நடுவில், எல்லோருடைய கைகளையும் வாங்கி வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெரோனா லோஜினியை அணைத்தாள். "பாவம் நீயும். எண்டாலும் தாயும் மகனும் முகம் பாத்திட்டினம். அதை நீ எழுதியும் வைச்சிட்டாய். எங்களுக்கு அதை வாசிச்சுக் காட்டு. அந்தக் கடைசிப் பகுதியை."

"ஓம், வாசி," என்று வேறு குரல்களும் எழுந்தன. டொமினோ நின்றது.

லோஜினி மாமியைப் பார்த்தாள். மாமி ஒன்றும் கேட்காதவர்போல் மடியிலிருந்த கைக்குட்டையை நான்காக மடித்தார். பிறகு, "வாசி, பிள்ளை. நானும் இன்னும் கேக்கேல்லை," என்றார். துக்கத்தில் சொல்வதாக எண்ணி அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அவள் வாசித்தாள். மழை வந்தது. கதவு தட்டப்பட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு மனிதன் நின்றான். தாய் அவனை உள்ளே விட்டாள், ஒன்றும் கேட்கவில்லை, அவரை விதை போட்ட சோறு கொடுத்தாள். அவன் ஒரு வாய் உண்டான். "அம்மா," என்றான், "இதில் உப்புக் கொஞ்சம் குறைவு."

அறை சிரித்தது. மூக்கைச் சிந்தும் சத்தமும் கேட்டது.

"அவன் என்ன சொன்னவன்?" என்றார் மாமி. "அந்த இடத்தைத் திரும்ப வாசி."

லோஜினி வாசித்தாள்.

"இன்னொருக்கா."

மூன்றாம் முறை வாசித்தபோது 'அம்மா' என்ற சொல்லில் அவள் குரல் உடைந்தது. இப்போது அவள் மாமியின் முகத்துக்கு நேரே இருந்தாள். அந்த முகம் அழவில்லை. தூரத்தில் வரும் பஸ்ஸின் இலக்கத்தை வாசிக்கப் பார்ப்பதுபோலக் கண்களைச் சுருக்கிக்கொண்டிருந்தது.

"எப்பவும் அவனுக்கு உப்புக் கூட வேணும்," என்று மாமி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பின்னேரம் ஆட்கள் குறைந்தபின் லோஜினி மாமியைப் படுக்கையறையில் கண்டாள். ஒரு சப்பாத்தைக் கழற்றி, வீங்கிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு வருஷம் என்ர கையால சாப்பிட்டவன்," என்றார். "உப்பைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. நீ எழுதினதுபோலச் சொல்லியிருந்தால் நல்லாத்தான் இருந்திருக்கும்."

"மாமி, இப்பவும் பிந்தேல்லை. நான் பாஸ்டரிட்டப் போய்ச் சொல்லுறன்."

"போன ஞாயிறு சொல்லியிருந்தால் அது ஒரு பொய்யோட போயிருக்கும். இப்ப சொன்னால் நான் மகனைச் சாகடிச்ச தாய். வேண்டாம்."

"அவர் எங்கயாவது இருப்பார்."

"இருப்பான். அதுக்கென்ன? வெரோனா கண்டால் பேய் எண்டு ஓடுவாள்." மாமி சிரிக்கப் பார்த்தார். "கவுன்சில் எத்தினையோ தரம் கேட்டது, கீழ் வீடு தாறம், மாடிப்படி உங்கட காலுக்கு ஏலாது எண்டு. அவனுக்கு இந்த விலாசம் மட்டும்தான் தெரியும் எண்டு நான் மாட்டன் எண்டனான். செவ்வாய்க்கிழமை ஓம் எண்டு சொல்லிப்போட்டன். சட்டன் எண்ட இடத்தில ஒரு வீடு. வாசலில ஒரு துண்டு நிலமும் இருக்காம்."

"வேண்டாம் மாமி. இங்கயே இருங்கோ. தயவுசெய்து."

"ஏன்?" மாமி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். "உன்ர புத்தகத்தில அவனை இருவது பக்கம் நடத்திக்கொண்டு வந்தனீ. அவன் வருவான் எண்டு உனக்கு ஏதும் தெரியுமோ? தெரிஞ்சால் சொல்லு. நான் இருக்கிறன்."

லோஜினி குனிந்து, மாமி கழற்றிய சப்பாத்தை எடுத்துக் கட்டிலோரம் வைத்தாள். சமையலறையில் அம்மா தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

மாமி மற்றச் சப்பாத்தையும் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

"அடுத்த கிழமை வா," என்றார். "திரைச்சீலைகளைக் கழட்டவேணும். எனக்கு அவ்வளவு உயரம் எட்டாது."