அனுரேகாவின் பார்வை விற்பனையான விதம்

எங்கள் ஊரில் இளம் வடிவமைப்பாளர்கள் சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. தம்மிடம் இருப்பவற்றை ஒவ்வொன்றாக இணையக் கடையில் ஏற்றி விற்பார்கள். விற்றது வாங்கியவரிடம் போய்விடும். அதன்பின் விற்றவரிடம் இருக்காது. இதற்குப் பக்க வருமானம் என்று பெயர்.

என் மகள் அனுரேகா மணந்துகொள்ள விரும்பிய நிரஞ்சன், காந்திபுரத்தில் இனிப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி வடிவமைக்கும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தார். முதன்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோதே தம் கையெழுத்தை எழுத்துருவாக்கி விற்றிருந்தார். அதற்குப் பிறகு ஊரில் அச்சான காதுகுத்து அழைப்பிதழ்களும், தள்ளுபடித் துண்டறிக்கைகளும், வாடகைக்கு வீடு காலி என்ற அட்டைகளும் அவருடைய கையெழுத்திலேயே இருந்தன. கூரியர் வந்தால் மட்டும் அவர் சார்பில் வேறு யாராவது கையொப்பமிட வேண்டும்.

இரண்டாம் முறை வந்தபோது அவரிடம் நடை இல்லை. கார்ட்டூன் படம் எடுக்கும் நிறுவனத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார். வாசலில் இருந்தார், பிறகு நாற்காலியில் இருந்தார். இடையில் எதுவும் நிகழவில்லை. என் கணவர் தண்டபாணி வழக்கம்போல் ஒரு நகைச்சுவையைச் சொன்னார். நிரஞ்சனின் வாய் திறந்தது. சிரிப்பு எதிர்வீட்டுக்காரரின் கைப்பேசியிலிருந்து கேட்டது.

"சிரிப்பு நல்லாப் போகுதுங்களா மாப்ள?" என்றார் என் கணவர்.

"போகுதுங்க மாமா. மெசேஜ் வர்ற சத்தத்துக்கு வெச்சுக்கறாங்க. கொட்டாவி கூட ஏத்தியிருக்கேன், அதுதான் கொஞ்சம் ஸ்லோ."

"ஒரு வருமானத்தை நம்பி இருக்கக்கூடாதுங்க அத்தை," என்று என் பக்கம் திரும்பினார். "நான் தூங்கற நேரத்துலயும் எங்கிட்ட இருக்கற ஏதோ ஒண்ணு வித்துட்டே இருக்கோணும்."

"எந்திரிக்கும்போது நீங்க கொஞ்சமாவது மிச்சம் இருக்கோணுமல்லங்க மாப்பிள்ளை?"

"அதுக்கும் ஒரு பிளான் வெச்சிருக்கேனுங்க."

அவருடைய தலைமுறையில் எல்லோரிடமும் ஒரு திட்டம் இருந்தது. கையில் அப்போதைக்கு இருப்பது அது ஒன்றுதான் என்பதால் அதை மிகுந்த கவனத்துடன் பாதுகாத்தார்கள். நான் கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவள். தன் இலையைத் தானே விற்றுத் தின்னும் செடி எதையும் எங்கள் பாடத்திட்டத்தில் சேர்த்ததில்லை. இருந்தும் இந்தத் திருமணத்துக்கு நான் இசைந்தேன். ஒரே ஒரு காரணம்தான்: அனுரேகா அவரைப் பார்க்கும் பார்வை.

அவள் நூலாலைப் பரிசோதனைக் கூடத்தில் நூலின் உறுதியைச் சோதிப்பவள். எதையும் இழுத்துப் பார்த்து, எங்கே அறுகிறது என்று குறித்துக்கொள்ளும் கண்கள் அவளுடையவை. பிறந்தநாள் பரிசையும் அப்படித்தான் பார்ப்பாள். என்னையும் அப்படித்தான் பார்ப்பாள். நிரஞ்சன் எதிரில் இருக்கும்போது மட்டும் அவள் இமை சற்றுத் தாழும். உதட்டின் இடது ஓரம் நெகிழும். எதையும் சோதிக்கும் எண்ணம் அந்தக் கண்களில் இருக்காது. அந்தப் பார்வை அவளிடம் அதற்கு முன் இருந்ததில்லை. அது அவளிடம் நிலைக்க வேண்டும் என்பதற்காக, நடையும் சிரிப்பும் இல்லாத மருமகனை ஏற்றுக்கொள்வது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்தது. அதில் எடுத்த புகைப்படத்தை நிரஞ்சன் அழைப்பிதழ் மாதிரியாக்கிக் கடையில் ஏற்றினார்.

இவர்கள் ஒரு படத்தை அடுக்கடுக்காகச் செய்வார்கள். அடியில் மேடை, அதற்கு மேல் பூ அலங்காரம், அதற்கும் மேல் ஆட்கள். விற்கக் கூடாத அடுக்கை, ஏற்றுவதற்கு முன் மறைத்துவிட வேண்டும். அது அந்தத் தொழிலின் முதல் பாடம். நிரஞ்சன் தம் கைக்கடிகாரத்தின் அடுக்கை ஞாபகமாக மறைத்திருந்தார். அது இரவல் கடிகாரம். அனுரேகாவின் பார்வை இருந்த அடுக்கை மறைக்க மறந்துவிட்டார்.

அடுத்த முறை அவர் வந்தபோது, மின்கட்டண வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதைப்போல அவள் அவரைப் பார்த்தாள். குரலில் அன்பு இருந்தது. பலகாரம் எடுத்து வைத்தாள். கண்களில் மட்டும் வரிசை நகர்வதற்கான காத்திருப்பு.

அந்த வாரமே, பேருந்தில் கல்லூரிக்குப் போகும் வழியில், அந்தப் பார்வையை ஒரு விளம்பரப் பலகையில் கண்டேன். யாரோ ஒரு மாடல் பெண், பட்டுச் சேலையில், புதிய பிரஷர் குக்கர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமை சற்றுத் தாழ்ந்திருந்தது. உதட்டின் இடது ஓரம் நெகிழ்ந்திருந்தது. முகம் அந்தப் பெண்ணுடையது. பார்வை என் மகளுடையது.

நிரஞ்சனை வீட்டுக்கு வரச் சொன்னேன். அனுரேகாவும் உடன் அமர்ந்தாள்.

"அதைத் திருப்பி வாங்கிருங்க மாப்பிள்ளை," என்றேன்.

"எக்ஸ்க்ளூசிவ் லைசென்ஸுங்க அத்தை. குக்கர் கம்பெனிக்கு மட்டுந்தான்னு எழுதிக் குடுத்தாச்சு. அதுவுமில்லாம இதுவரைக்கும் என் கடையில அதிக விலைக்குப் போன டாப் செல்லரே அதுதானுங்க."

"நான் பாத்தது உனக்கு டாப் செல்லரா?" என்றாள் அனுரேகா.

"உனக்குன்னு ஏன் பிரிக்கற அனு? நமக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாமே ஒண்ணுதானே."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து குக்கரைப் பாத்துட்டு உக்காந்திருக்கலாங்கறே."

"கோவத்துல பேசாதே. கோவம் இப்ப நல்ல ரேட்டுக்குப் போகுது, வேஸ்ட் பண்ணாதே."

அவள் நிச்சயதார்த்தப் புகைப்படத்தைக் கைப்பேசியில் எடுத்து அவர் முன் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த போட்டோல நீயும் என்னைப் பாத்துட்டுத்தான நின்னே. உன்னோட பார்வை யாருகிட்டப் போச்சு?"

நிரஞ்சன் நாற்காலியில் இருந்தார். பிறகு ஜன்னலருகே இருந்தார்.

"அதைத் தனியா ஏத்திப் பாத்தேன்," என்றார். "கடையில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"ஏன்?"

"ரெசல்யூஷன் பத்தலையாம்."

அனுரேகா தலையசைத்தாள். பரிசோதனைக் கூடத்தில் நூல் அறுந்ததும் அவள் அப்படித்தான் தலையசைப்பாள் என்று அவளுடைய தோழி ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, செருப்பைப் போடு. குக்கர் கடைக்குப் போயிட்டு வரலாம்," என்றாள்.

ஷோரூமின் மேலாளர் மரியாதையான மனிதர். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். நிறுவனம் சட்டப்படி வாங்கிய பார்வை என்பதால் திரும்பத் தர இயலாது என்றார். "ஆனா ஒரிஜினல் ஓனர்ங்கறதால ஒண்ணு பண்ணலாங்க மேடம். எங்க குக்கரைப் பாக்கும்போது மட்டும் நீங்க யூஸ் பண்ணிக்கலாம். வேற கம்பெனிப் பாத்திரத்தைப் பாக்கக்கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன்."

அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தார். அவள் இமை தாழ்ந்தது. உதட்டோரம் நெகிழ்ந்தது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கியது. குக்கரை அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, மடியிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

என் கணவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"குணம் எப்படி அம்மணி?"

"சத்தம் போடும்ப்பா. ஆனா போட வேண்டிய நேரத்துல மட்டுந்தான் போடும்."

"என்ன தொழில்?"

"ஒரே தொழில்தான்."

"அது போதும் சாமி," என்றார் அவர்.

மண்டபம் ஏற்பாடாகியிருந்தது, சமையலுக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. எதையும் மாற்றத் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை மாறிவிட்டதை நிரஞ்சனிடம் நானே தொலைபேசியில் சொன்னேன். அவர் வருந்தவில்லை. வருத்தத்தைச் சென்ற மாதமே காப்பீட்டு நிறுவனம் ஒன்று வாங்கியிருந்தது. திருமணத்தைத் தாமே படமெடுத்து, உறவு முறிவைப் பக்க வருமானமாக்குவது எப்படி என்ற இணைய வகுப்பில் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டார். மேடைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் சம்மதித்தேன். அவர் நிபந்தனையை மீறவில்லை. ஒரு தூணருகே இருந்தார். பிறகு இன்னொரு தூணருகே இருந்தார்.

எங்கள் வழக்கத்தில் திருமணத்தை நடத்திவைப்பவர் அருமைக்காரர். முதியவர், காரியத்தில் கண்டிப்பானவர். மணமேடையில் குக்கருக்கு மாலை சூட்டி, நெற்றியில் திருநீறு பூசினார்.

"மாப்பிள்ளை எத்தனை லிட்டருங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"அஞ்சுங்க."

"பொண்ணுக்குப் பொருத்தம்தான். மூணு லிட்டருன்னா நானே வேண்டாம்னிருப்பேன்."

உள்ளே ஒன்றுமில்லாமல் மணமேடையில் உட்காருவது மங்கலமில்லை என்பதால், அதில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் தண்ணீரும் இட்டு, ஹோமத் தீயின் ஓரத்திலேயே வைத்திருந்தார்கள். அனுரேகா அதைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. எந்தச் சோதனையும் இல்லாத அந்தப் பார்வையை, உறவினர்கள் அத்தனை பேர் முன்னிலையில், நான் முதல் வரிசையிலிருந்து கண்டேன். முகூர்த்தம் கூடியதும் விசில் வந்தது. நாதஸ்வரக்காரர் கண்ணைக் காட்ட, கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை தூவினோம்.

மறுநாள் காலை ஷோரூமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தோசைக்கல் பெரியவர் என்பதால் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, வந்த நேரத்திலிருந்து என் கணவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இட்லிப் பாத்திரம் அனுரேகாவுக்கு நாத்தனார் முறை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் அமர்ந்திருந்தது. நான் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை பற்றாது என்றது. உள்ளே போய் இன்னொரு கரண்டி போட்டு, ஆற்றிக் கொண்டுவந்தேன்.