வரப்புக்கு மேற்கே பதினெட்டு

எங்கள் ராமசுப்ரமணியன் சார் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் பூமிக்கடியில் எதையுமே கண்டுபிடித்ததில்லை. மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அதற்குள் நான் அவருக்கு ஒரு பாறைப் பிளவைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன்.

மயூர் விஹார் பக்கம் யமுனைக் கரை வயல்களில் ஒரு பாலம் வரப்போகிறது. வண்டலுக்கு அடியில் பாறை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. காந்தமானியைச் சுமந்துகொண்டு கோடு கோடாக நடக்கவேண்டும். பாறை பிளந்து ஒரு பக்கம் இறங்கியிருந்தால் காந்த அளவு அங்கே சட்டென்று மாறும். உடம்பில் இரும்பு கூடாது. என் ஜூனியர் அர்விந்த் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தான். நான் போன், சாவி, வாட்ச், கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஜீப்பில் வைத்தேன். கீரைக்கும் காலிஃப்ளவருக்கும் நடுவே ஒரு பெரிய வரப்பு. அதற்குக் கிழக்கே அவன், மேற்கே நான்.

மேற்கே முழுக்கப் பதினெட்டு நானோடெஸ்லா கூடுதல். செயற்கைக்கோள் படத்திலும் அதே இடத்தில் ரூல் போட்ட மாதிரி ஒரு கோடு. சார் அந்தப் படத்தைத் தடவிக்கொடுத்தார். திங்கட்கிழமை பாலக் கமிட்டி முன்னால் நான்தான் பேசவேண்டும், அறிக்கையில் என் பெயர்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை என் பெண் ஸ்நேகா துப்பட்டாவோடு ஓடி வந்தாள்.

"அம்மா, ஜல்தி! ஒரு பின் குடு!"

வழக்கம்போலத் தாலிச் சரட்டிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றினேன். மிச்சம் ஆறு ஊக்குகள் தொங்கின. எனக்குக் கை நின்றுவிட்டது. கழற்றவேண்டிய சாமான் பட்டியலில் தாலியில் தொங்கும் இரும்பு ஊக்குகள் எனக்குத் தோன்றவே இல்லை. படத்தில் தெரிந்த கோடு? நாங்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொண்ட அதே வரப்பு!

ஞாயிறு காலை சாரை வயலுக்கு இழுத்துப்போனேன். ஏழு ஊக்குகளோடு நடந்தேன், பதினெட்டு கூடியது. ஊக்கில்லாமல் நடந்தேன், கிழக்கும் மேற்கும் ஒரே அளவு.

சார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "மாதங்கி, பதினெட்டுல ஒரு பத்தாவது தேறாதா?"

"தேறாது சார்."

"யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டா? நான் இந்த மாசத்தோட போயிடப்போறேன்."

"இல்லாத பிளவுக்காகப் பாலத்தை ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டுடுவா சார்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னை நினைத்தால் அதைவிட.

திங்கட்கிழமை பதினோரு ஆண்களுக்கு எதிரே நின்று ஊக்கு விஷயத்தைச் சொன்னேன். அறையே சிரித்தது. எனக்குக் காது கொதித்தது. பின்வரிசையில் சார் எழுந்து நின்றார்.

"ஏன் சிரிக்கறேள்? ரெண்டு தடவை நடந்து பாத்தாச்சு. நான் கூடவே நின்னேன். கீழே பாறை முழுசா இருக்கு. பாலத்தைத் தைரியமாக் கட்டுங்கோ."

நேரே வந்து என் அறிக்கையை வாங்கினார். எங்கள் ஆபீஸில் பெரியவர்கள் மேலேதான் கையெழுத்துப் போடுவார்கள். சார் என் பெயருக்குக் கீழே போட்டார்.