புரவிக்காட்டுப் பிடிமண்

இன்றைக்குக் கிளம்பப்போவது ஒற்றைக்காதன்தான் என்று காளியாயி நினைத்துக்கொண்டாள். நினைத்தபடியே உச்சிவெயிலில் அந்த மண்குதிரை பீடத்தை விட்டு இறங்கி, முதுகில் கிடந்த சருகுகளை உதறிவிட்டு, புரவிக்காட்டை விட்டு வெளியேறும் வண்டிப்பாதையில் நடந்தது. இது நான்காவது குதிரை. 1931ஆம் வருஷம் ஆவணி பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக அவை போய்க்கொண்டிருந்தன. இரண்டு மைலில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வலையபட்டி வண்டிக்காரர்கள் எதிரே வந்தால் மாட்டை ஓரங்கட்டி வழிவிட்டார்கள். குதிரை இடப்பக்கமாகவே நடக்கிறது, புழுதி அதிகம் கிளப்புவதில்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னார். காளியாயிக்கு விளங்காதது வேறு. காட்டுக்கு விளக்குப் போடுகிறவள் அவள். அய்யனாரின் குதிரை கண்ணெதிரே போகிறது. அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புரவிக்காட்டைச் சுற்றிக் கூலிக்குக் களையெடுத்துப் பிழைத்த சனங்களுக்கு அந்த அய்யனார்தான் எல்லாம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நேர்ந்துவிட்ட பதினோரு குதிரைகள் மரங்களுக்கடியில் நின்றன. காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட யாரும் எடுப்பதில்லை. வேறு ஊருக்குக் குடிபோகிறவர்கள் மட்டும் ஒரு பிடி மண் வாங்கிக்கொண்டு போகலாம். பூசை வைக்கிறவர் தன் வலது கையால் அள்ளித் தர வேண்டும். அந்த மண் எங்கே விழுகிறதோ அங்கே அய்யனார் குடிவந்துவிடுவார். பூசாரி சேவுகன் காய்ச்சலில் இறந்த பிறகு அந்தக் கை அவன் மனைவி காளியாயியின் கையாயிற்று. அதற்கு முன் மூன்று ஊர்களுக்குப் பிடிமண் போயிருக்கிறது. குதிரைகள் போனதில்லை.

ஆடிக் கடைசியில் வீரலட்சுமி டீச்சர் இருபத்தாறு பெண்பிள்ளைகளை நான்கு வண்டிகளில் காட்டுக்கு அழைத்து வந்திருந்தார். பக்கத்திலுள்ள பழைய இடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பிள்ளைகள் குதிரைகளின் வாயில் கையை விட்டுப் பார்த்தார்கள். ஒரு குதிரைக்கு மட்டும் ஏன் ஒரு காது இல்லை என்று ஒருத்தி கேட்க, "கணக்குத் தப்பாப் போட்டிருக்கும், டீச்சர் திருகியிருப்பாக" என்றாள் இன்னொருத்தி. டீச்சரும் சிரித்துவிட்டார். வகுப்பில் மண் வகைகளைக் கண்ணாடிச் சீசாக்களில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சிகப்பி என்ற செட்டியார் வீட்டுப் பிள்ளை காளியாயியிடம் வந்து, கொஞ்சம் மண் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. கூடாது என்பதுதான் பதில். காளியாயி குனிந்து, வலது கையால் ஒரு பிடி அள்ளி, அதன் தூக்குச்சட்டியில் போட்டாள்.

அந்த நேரத்தில் அவள் மகள் ராக்காயி, எட்டு வயது, சற்றுத் தள்ளி நின்று பிள்ளைகளின் சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் காளியாயி இரண்டு முறை பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போயிருந்தாள். முதல் முறை பாயில் இடமில்லை என்றார்கள். இரண்டாம் முறை, உங்கள் சனங்கள் வாசலைத் தாண்டினால் மற்றப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்றார்கள். மண்ணை அள்ளியபோது இதெல்லாம் மனதில் இருந்ததா என்று அவள் பிற்பாடு பல நாள் யோசித்தாள். கை தானாகப் போயிற்று என்று சொல்லிப் பார்த்தாள். தானாகப் போகிற கைக்கு வலது இடது தெரியுமா என்று உடனே அவளே கேட்டுக்கொண்டாள்.

சிகப்பி பள்ளிக்கூடத்து வாசலில் தடுக்கி விழுந்தாள். மண் வகுப்புச் சுவரோரம் கொட்டியது. மறு வெள்ளிக்கிழமை முதல் குதிரை வந்து அந்த இடத்தில் நின்றது. பள்ளிக்கூடத்தைக் கட்டிய காசிவிஸ்வநாதன் செட்டியார் குதிரைகளை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். மறுநாளே அவை வந்துவிட்டன. வண்டிமாடுகளும் அவற்றின் பின்னாலேயே வந்தன. அந்த ஐப்பசியில் சுற்றுப்பட்டெல்லாம் காய்ந்து கிடக்க, பள்ளிக்கூடத்து மதிலுக்குள் மட்டும் பதினாறு நாள் மழை பெய்தது. பார்வையிட வந்த அதிகாரி, கட்டடம் திருப்தி, காற்றோட்டம் திருப்தி, குதிரைகள் பதினொன்று என்று எழுதிவிட்டுப் போனார். அய்யனார் உள்ளே இருக்கும்போது அவருடைய சனங்களை வாசலில் நிறுத்த ஒருவருக்கும் துணிவு வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் பானையோடு வந்து பொங்கல் வைத்தார்கள். மற்ற நாட்களில் கூட்டி விளக்கேற்ற ராக்காயி வந்தாள். கூட்டி முடித்ததும் ஜன்னலோரக் குதிரையின் காலடியில் உட்கார்ந்தாள். டீச்சர் கரும்பலகையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். மழை வலுத்த ஒரு நாளில் உள்ளே வரச் சொன்னார். பாயில் இடம் இருந்தது. நான்கு வீட்டார் தங்கள் பெண்களை நிறுத்தினார்கள். தையில் மூன்று வீட்டார் திரும்ப அனுப்பினார்கள்.

இரண்டரை வருஷம் கழித்துச் செட்டியார் யாரையோ கலந்து, ஒரு வழி கேட்டு வந்தார். கொடுத்த கையே மண்ணைத் திருப்பி எடுத்தால் அய்யனாரும் திரும்பிப் போவார். புரவிக்காட்டில் கருங்கல்லில் கோயில் கட்டி மதிலும் எழுப்பித் தருவதாக அவர் சொன்னபோது காளியாயியின் சனங்களே அவருக்குப் பின்னால் நின்றார்கள். மண் கொட்டிய இடத்துக்கு அவளை அழைத்துப் போனார்கள். ஜன்னலுக்குள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ராக்காயியின் குரல் எது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு பிடிதான் காளியாயி," என்றார் செட்டியார். அதட்டலாக இல்லை, களைத்துப்போன குரல். "உங்க சாமி உங்க எடத்துல இருக்கட்டும். அதான நாயம்?"

"கல்லுக்கோயிலு மதினி," என்றான் அவள் கொழுந்தன் பெத்தன். "நம்ம ஏழு தலமொறைக்கும் நடக்காதது. குனிஞ்சு எடுத்துருங்க."

செட்டியார் சொன்னது நியாயந்தான். பெத்தன் சொன்னதும் உண்மைதான். அய்யனாரை இப்படி ஒரு காரியத்துக்குப் பிடித்துவைத்திருக்கிறோமே என்ற பயமும் அவளுக்கு இருந்தது. குதிரையை நிமிர்ந்து பார்த்தாள். அது வெயிலில் சும்மா நின்றது.

"கோயிலு கட்டித் தாரேங்கிறீக, பெரிய மனசுய்யா," என்றாள். வலது கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். "புள்ள இன்னும் அஞ்சாப்பு முடிக்கலைங்கய்யா."