நேசம்மாள் பாடாத இரண்டு வரி

செப்டம்பர் 14, 2025. இன்று ஒரு சிறு தவறு. கூட்டத்தில் பாட்டுக்கு முன் நேசம்மாள் மாமியின் பெயரைச் சொன்னேன். கடைசி இரண்டு வரி என்னுடையவை என்று சொல்லவில்லை.

ஷைஜா அதை எழுதியபோது சிறு தவறுதான். புதன்கிழமைக்குள் அது நேசம்மாளின் ஊரான அருமனை வரை போய்விட்டது.

ஷைஜா பகலில் கொட்டாரம் ஊரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவாள். மாலையில் அரசு வேலைத் தேர்வுக்கான வகுப்பு. ஞாயிறு வந்தால் ரப்பர் பால் வெட்டும் பெண்களைத் தேடிப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்வாள். மலையுடைப்பை எதிர்க்கும் கூட்டங்களில் அவற்றைப் பாடுவாள். கொடுத்தவர் பெயரையும் ஊரையும் சொல்லாமல் பாடுவதில்லை என்பது அவளே வைத்துக்கொண்ட விதி. பால் வெட்டும் நேசம்மாள் கொடுத்தது, தோட்டத்துக் கங்காணியை ஏசும் பழைய பாட்டு. குவாரி முதலாளியை ஏசும் இரண்டு வரியை ஷைஜா கட்டிச் சேர்த்திருந்தாள்.

அவள் பாடிய வீடியோ பரவியது. அந்தக் குவாரியில் லாரி ஓட்டிய நேசம்மாளின் மகன் இஸ்ரவேலை, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். முதலாளி கொடுத்த புகாரில் ஷைஜாவைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"முழுசும் பழைய பாட்டுன்னு சொல்லிரு மக்கா," என்றான் வகுப்புத் தோழன் அனிஷ். "ஒம்மேல கேஸ் விழுந்தா, பரீட்சை பாஸானாலும் போலீஸ் வெரிஃபிகேஷன்ல போச்சு."

"அப்போ மாமியத் தேடிப் போவானுவளே?"

"போனா என்ன? வயசான பொம்பளைய தூக்கிலயா போடுவானுவ?"

அன்று வகுப்புக்குப் போகாமல் அருமனை பஸ் ஏறினாள். நேசம்மாள் கொடியில் ரப்பர் ஷீட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஏட்டி, நான் குவாரிக்காரன ஏசினேனா?"

"இல்ல மாமி."

"அவன ஏசணும்னா ஒனக்க வாயால ஏசு. எனக்க பேர என்னத்துக்கு இழுத்த? எனக்க பிள்ள இப்போ வீட்டுல குத்தவச்சு இருக்கான்."

'போட்டும், எனக்க பாட்டுன்னே சொல்லு' என்று மாமி சொல்லிவிட மாட்டாளா என்று வழியெல்லாம் ஏங்கிக்கொண்டுதான் ஷைஜா வந்திருந்தாள். அது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

திரும்பியவளை நேசம்மாள் கூப்பிட்டாள். "அந்த ரெண்டு வரி ராகத்துல நிக்கல்ல. அதயாவது சரியாக்கு."

வீட்டில் அம்மா, "வகுப்பு முடிஞ்சுதா?" என்று கேட்டதற்கு ம் என்றாள். பிறகு டைரியைத் திறந்தாள்.

நாளை: பத்து மணிக்குக் காவல் நிலையம். கடைசி இரண்டு வரி நான் எழுதியவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். குவாரி அலுவலகத்துக்கும் ஒரு நகல்.