நூற்றைத் தாண்டியதும் நின்ற சங்கு

சங்கு நின்றதும் டியெர்க் காபிக் கோப்பையை எடுத்தார்.

"முடிஞ்சுது. தண்ணி வடிஞ்சிருச்சு. ஹார்ம் மறுபடி குழிக்குள்ள இறங்கியிருப்பான். பட்டதாரியம்மா, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கே?"

டியெர்க் நீர்வாரியத்தில் என் மேலாளர். மாட்டுக்கொட்டகை கழுவியவரின் மகள், வீட்டிலேயே முதலில் படித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான். ஹார்ம் எங்கள் மெக்கானிக். நான்கு கிலோமீட்டர் தள்ளி, பம்ப் குழியில் அடைத்திருந்த பாசியை வாரிக்கொண்டிருந்தார். கால்வாய் எண்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் அங்கே எச்சரிக்கைச் சங்கு ஊதும், எங்கள் அறையிலும் கேட்கும். ஊதினால் குழியிலிருந்து ஏறிவிட வேண்டும். நூற்றுப் பத்தில் தண்ணீர் குழிக்குள் கொட்டும்.

என் திரையில் 101. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 102.

"வடியல. ஏறுது."

"அப்ப சங்கு ஏன் நின்னுச்சு? நீ எழுதின புரோகிராம்தானே?"

நான் எழுதியதுதான். 85 கொடுத்துச் சோதித்தேன், ஊதியது. 95 கொடுத்தேன், ஊதியது. நூறு கொடுத்துப் பார்க்கவில்லை.

ஹார்முக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. குழிக்குள் இறங்கும்போது சட்டையைக் கழற்றி மேலே மாட்டிவிடுவார், போன் அதில்தான் இருக்கும்.

104.

புரோகிராமைத் திறந்தேன். அளவுமானி அனுப்புவது எண் அல்ல, எழுத்து. வரம்பு 80-ஐயும் எழுத்தாகவே வைத்திருக்கிறேன். எழுத்தென்றால் கணினி அகராதி மாதிரி முதல் எழுத்தைத்தான் பார்க்கும். ஒன்றுக்குப் பின்னால் எட்டு. ஆக, 104 எண்பதைவிடச் சின்னது. கல்லூரியில் முதல் வாரப் பாடம்! ச்சீ.

"காரை எடுக்கறேன்," டியெர்க் எழுந்தார்.

"போய்ச் சேர்றதுக்குள்ள கொட்டிரும். உட்காருங்க!"

106. எண்ணாக மாற்றி எழுத வேண்டும். விரல்கள் தப்புத் தப்பாக அடித்தன. 107. விட்டுவிட்டு, வரம்பில் இருந்த 80-ஐ அழித்து 0 போட்டேன். பூஜ்யத்துக்குப் பின்னால்தானே ஒன்று.

சங்கு அலறியது.

109. 110. 112. என் போன் அடித்தது.

"எவன்டா அது? ஏறு, இறங்குன்னு விளையாடறீங்களா?" ஹார்ம்.

"எங்க இருக்கீங்க?"

"மேலதான். பூட்ஸுக்குள்ள தண்ணி. கீழ குழி ரொம்புது, பாரு... சங்கு நடுவுல ஏன்டி நின்னுச்சு?"

"என் தப்பு."

டியெர்க் வாயைத் திறந்தார். "பேசாதீங்க," என்றேன். அளவையும், மறுபடி 80 ஆக்கிய வரம்பையும் எண்ணாக மாற்றினேன். பிறகு 9, 80, 81, 100, 250 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஊத வேண்டியதற்கு மட்டும் சங்கு ஊதும்வரை டியெர்க்கை அங்கேயே நிற்கவைத்தேன்.